கடைசிக் கோட் காயும்வரை

இடுப்பு வலிக்கிறது. நாற்காலி மேல் குறை இல்லை, இடுப்பு அப்படி. இரும்பு வார்ப்பாலையில் இருபது வருஷத்துக்கு மேல் குனிந்து நிமிர்ந்ததில் முதுகெலும்பின் அடியில் ஒரு தட்டு விலகிவிட்டதாகப் படம் எடுத்துக் காட்டினார்கள். ரொம்ப நேரம் உட்கார்ந்தால் இடது கால் மரத்துப் போகும். நடுவில் எழுந்து நின்றால் தப்பாக நினைக்காதீர்கள் ஐயா. ஓடப் போவதில்லை. ஓடுகிற இடுப்பும் இல்லை இது.

அந்த நாளிலிருந்து சொல் என்கிறீர்கள். அதை மட்டும் சொன்னால் நான் ஏதோ வெறிபிடித்தவன் மாதிரி தெரியும். பட்டறை போட்டதிலிருந்து சொல்கிறேன். எழுதுகிறவர் நிதானமாக எழுதட்டும்.

வார்ப்பாலையில் என் வேலை பிசிறு தட்டுவது. அச்சிலிருந்து வருகிற இரும்பின் ஓரங்களில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதைத் தட்டி, ராவி, அடுத்தவனிடம் தள்ள வேண்டும். அவன் துளை போடுவான். அதற்கடுத்தவன் கடைவான். அது கடைசியில் என்னவாகிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பம்பாக இருக்கலாம், ஏதாவது மெஷினுக்குக் காலாக இருக்கலாம். இடுப்பு போனதும் கணக்கு முடித்து அனுப்பினார்கள். அப்போதுதான் பழைய இரும்புக் கடையில் அந்த முதல் பைக்கைப் பார்த்தேன். எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. எடைக்குப் போட்டிருந்தார்கள். தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "இத எடைக்கு வாங்கினீங்களா, இல்ல எடைக்குப் போடறதுக்கு வாங்கினீங்களா?"

"ஓட்டறதுக்கு."

"எது எத ஓட்டும்? நீங்க அதையா, அது உங்களையா?"

அவள் பேச்சு அப்படித்தான் இருக்கும். வாயில் சர்க்கரையும் மிளகும் ஒன்றாகவே வைத்திருப்பாள். எங்களுக்குள் சண்டை என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள், அதையேதான் சொல்லியிருப்பார்கள். பிள்ளைகள் இல்லை. அதற்காக ஒருவரை ஒருவர் குத்திப் பேசிக்கொண்டதும் இல்லை.

அந்த பைக்கின் என்ஜின் துருவில் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி வாரக்கணக்கில் ஊறவைத்து, தினமும் ஒரு தடவை மெல்ல அசைத்துப் பார்த்து, ஒருநாள் அது ஒரு நூல் அளவு நகர்ந்தபோது நான் சத்தம் போட்டுவிட்டேன். அவள் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். அந்த வண்டியைச் சரிபண்ணி முடித்ததும், தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் இன்னொருவரிடம் சொன்னார். பழைய வண்டிகளை வைத்திருக்கிறவர்கள் ஒரு தனிச் சாதி ஐயா, ஒருவரை ஒருவர் தெரிந்து வைத்திருப்பார்கள். என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். வார்ப்பாலையில் என்னை யாரும் கூப்பிட்டதே இல்லை. கை தட்டுவார்கள், அவ்வளவுதான்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி. தெருவைப் பார்த்து முன்னறை, அதற்குப் பின்னால் நடு அறை, அதற்கும் பின்னால் சமையலறை. அதோடு முடிந்தது, அடுத்த தெரு வீட்டின் முதுகுச் சுவர். வீட்டை ஒட்டி ஒரு ஆள் போகிற அகலத்துக்குச் சந்து உண்டு. சமையலறைக் கதவு அந்தச் சந்தில் திறக்கும். ஆக, வெளியே வர வழி இரண்டு. முன்னறை வழி, சந்து வழி. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்னறையைப் பட்டறையாக்கினேன். கட்டிலும் பீரோவும் நடு அறைக்குப் போயின. இடுப்பை மடக்காமல் வேலை செய்கிற உயரத்துக்கு இரும்பு மேசை அடித்தேன். மேலே உத்தரத்தில் செயின் மாட்டினேன், என்ஜினைத் தூக்க. கீழே விழுந்த திருகாணி கண்ணில் படவேண்டும் என்று தரைக்கு வெளிர் சாம்பல் நிறம் அடித்தேன். சுவரில் பலகை வைத்து, ஒவ்வொரு ஸ்பேனரையும் மாட்டி, அதைச் சுற்றிக் கோடு வரைந்தேன். எடுத்தால் எது இல்லை என்று கோடு சொல்லும். திருகாணி போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாக்கள் எல்லாம் அவள் சேர்த்து வைத்தவை. விளக்கையும் அவள்தான் பிடிப்பாள். ஸ்பேனர் பெயரெல்லாம் அவளுக்கு வராது. "வாய் பொளந்தது வேணுமா, மூடிக்கிட்டது வேணுமா?" என்று கேட்பாள். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

காற்றடிக்கிற கம்ப்ரஸரைப் பட்டறைக்குள் வைக்கக் கூடாது. மோட்டாரில் பொறி பறக்கும், தின்னர் ஆவி பிடித்துக்கொள்ளும். தெரிந்தவன் யாரும் அப்படி வைக்க மாட்டான். அதனால் சந்தில் வைத்தேன். சமையலறைக் கதவுக்கு நேராகத்தான் அது உட்கார்ந்தது. கதவு கால்வாசி திறக்கும், பூனை போகலாம். பிறகு மணல் பீச்சித் துரு எடுக்கிற பெட்டியும் சந்துக்கே போனது. நடு அறை ஜன்னல் சந்தைப் பார்த்தது. மணல் தூசி படுக்கை வரை வருகிறது என்று அவளே சொன்னதால் ஜன்னலைத் தகரம் வைத்து அடைத்தேன். அவள் கேட்டதற்காகத்தான் செய்தேன்.

கம்ப்ரஸருக்கு அவள் மாமியார் என்று பெயர் வைத்திருந்தாள். "நான் கண்ண மூடினாத்தான் இதுக்குப் பொறுக்காது, கத்த ஆரம்பிச்சிடும். உங்கம்மா இல்லாத குறைய இது தீர்த்து வெக்குது."

ஆரம்பத்தில் பெயின்ட் வேலையை வெளியே கொடுத்தேன். அவர்கள் டேங்க்கில் பட்டி பார்க்கிற லட்சணத்தை நீங்கள் பார்க்க வேண்டும். வெயிலில் வைத்தால் ஆப்பம் மாதிரி—இல்லை, அதை விடுங்கள். அலை அலையாக இருக்கும். நான் மாதக்கணக்கில் தட்டி நேராக்கின தகரத்தை ஒரு மத்தியானத்தில் கெடுத்துத் திருப்பித் தருவார்கள். நானே அடிப்பது என்று முடிவுசெய்தேன்.

பெயின்ட் கடைக்காரர் நல்ல மனிதர். அவர் எச்சரித்தார் என்பதை மறைக்க மாட்டேன். "அண்ணே, இது ஹார்டனர் கலக்கற சரக்கு. பழைய பெயின்ட் மாதிரி மூக்கப் பொத்திக்கிட்டு அடிச்சிட்டுப் போறதில்ல. வாசனை கம்மியாத்தான் தெரியும், ஆனா நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கும். மாஸ்க் போடாம கைல எடுக்காதீங்க. பக்கத்துல ஆள் இருக்கக் கூடாது."

மாஸ்க் வாங்கினேன். இரண்டு பக்கமும் உருளை வைத்த நல்ல மாஸ்க். ஒன்று.

பெயின்ட் அடிக்கிறவனுக்குத் தூசிதான் எதிரி. கோட் ஈரமாக இருக்கும்போது ஒரு மயிரிழை விழுந்தாலும் போச்சு. காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து. ஒருதடவை நான் டேங்க்குக்குக் கடைசிக் கோட் அடித்துக்கொண்டிருக்கும்போது நடுக் கதவைத் திறந்து டீ கொண்டுவந்தாள். அவளோடு நடு அறைத் தூசியும் வந்தது. நான் திட்டவில்லை. டீயைக் குடித்தேன். மறுநாள் கதவில் என் பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டேன்.

"யாரு உள்ள, யாரு வெளிய?" என்று கேட்டாள். "வேலை நடக்கறப்ப மட்டும்தான்" என்றேன்.

தெருச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருந்தேன். உள்ளே இருக்கிற புகையை இழுத்துத் தெருவில் விடும். அதில் இரண்டு தொல்லை. காற்றை வெளியே இழுத்தால், இழுத்த காற்றுக்குப் பதிலாக ஷட்டர் இடுக்கிலிருந்து தெருத் தூசி உள்ளே வரும். இன்னொன்று எதிர்வீட்டுத் தையல்காரர். அவர் தைக்கிற துணியெல்லாம் பெயின்ட் வாடை அடிக்கிறது, குழந்தைகள் இருமுகிறார்கள், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுப்பேன் என்றார். அவர் சொன்னதும் நியாயம். ஒரு மனிதன் தன் தொழிலுக்காகத் தெருவைக் கெடுக்கக் கூடாது.

ஃபேனைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். அதற்கு முன்னால் வடிகட்டித் துணி கட்டினேன். இப்போது சுத்தமான காற்று வெளியிலிருந்து உள்ளே வரும். அறைக்குள் காற்று அழுத்தமாக இருக்கும்போது இடுக்கு வழியாகத் தூசி நுழையாது. பெரிய பெயின்ட் கூடங்களில் இப்படித்தான் செய்வார்கள். ஆனால் உள்ளே வந்த காற்றுக்கு வெளியே போக ஒரு வழி வேண்டுமே. நடுக் கதவுக்கு மேலே ஒரு காற்றுப் பலகணி இருந்தது. அது வழியாக நடு அறைக்குப் போய், சமையலறைக்குப் போய், அந்தக் கால்வாசிக் கதவு வழியாகச் சந்துக்குப் போய்விடும். வீடு நீளமாக இருந்ததால் அது தானாகவே ஒரு குழாய் மாதிரி அமைந்துவிட்டது.

தையல்காரர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் என் கையைப் பிடித்து நன்றிகூடச் சொன்னார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஃபேனைத் திருப்பி மாட்டினால் மூடலாம்.

அவளுக்கு முதலில் மூக்கு ஒழுகியது. பிறகு வறட்டு இருமல். பிறகு மாடிப்படி ஏறின ஆள் மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாள். நெஞ்சில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காருவாள். இழுப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. என் அப்பா கல் உடைத்தவர். கடைசி வருஷங்களில் அவர் மூச்சு, துருப்பிடித்த கீல் மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் எல்லோரும் தூங்கி வளர்ந்தோம். அவருக்கும் யாரும் மாஸ்க் கொடுக்கவில்லை, எனக்கும் வார்ப்பாலையில் கொடுக்கவில்லை. உழைக்கிற வீட்டில் நெஞ்சு கொஞ்சம் சத்தம் போடும் என்பது எங்களுக்கு ஒரு செய்தியே இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் சின்ன வயசு டாக்டர். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் பேசினார். "வீட்ல என்ன பெயின்ட் அடிக்கறீங்க?" என்று கேட்டு, நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். "ஒருதடவ உடம்பு இத எதிரின்னு முடிவு பண்ணிட்டா, அப்புறம் அதுக்குச் சமாதானமே கிடையாது. அடுத்த தடவ துளி பட்டாலும் மூச்சுக்குழாய் மூடிக்கும். இன்ஹேலருக்குக்கூட அடங்காம போகலாம். புரியுதா? ஒண்ணு பெயின்ட் அங்க இருக்கணும், இல்ல அவங்க அங்க இருக்கணும்."

"புரியுது" என்றேன். புரிந்தது. இதைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், எனக்குப் புரிந்தது.

அவள் தம்பி வேன் ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். சில நாள் கழித்து என்னைப் பார்க்க வந்தான். பட்டறையில் கால் வைக்காமல் ஷட்டருக்கு வெளியிலேயே நின்றான்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லுங்க. உங்களுக்கு அக்கா வேணுமா, பட்டறை வேணுமா?"

"ரெண்டும் ஒரே வீட்லதானடா இருக்கு."

"அதான் மாமா பிரச்சினையே. ஞாயித்துக்கிழமை வேனோட வரேன். எல்லாத்தையும் ஏத்தி எங்கயாவது ஷெட் புடிச்சுப் போட்டுக்கலாம். வாடகைல பாதி நான் போட்டுக்கறேன். உங்கள பட்டினி போடணும்னு எனக்கு ஆசையா?"

"ஷெட்ல தூசிடா."

"அக்கா நெஞ்சுல இல்லாத தூசியா?" என்றான். பிறகு ஞாயிற்றுக்கிழமை வருவதாக மறுபடியும் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் சொன்னதில் தப்பே இல்லை. தகரக் கூரை, மண் தரை, தினமும் போக வர பஸ். இதெல்லாம் என் இடுப்பு தாங்குமா என்பது வேறு விஷயம். அப்போது என் கையில் கப்பல்காரரின் வண்டி இருந்தது. கப்பலில் என்ஜின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதனால் அந்தப் பெயர். அவருடைய வண்டி மாதிரி இன்னொன்று இந்தப் பக்கத்தில் இல்லை. பழைய வண்டிக் கண்காட்சி ஒன்று வரவிருந்தது. "மாஸ்டர், எனக்கு அவசரமே இல்ல. கண்காட்சிக்குத்தான் கொஞ்சம் அவசரம்" என்பார் சிரித்துக்கொண்டே. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வைப்பார்களாம். அதில் சரிசெய்தவர் என்று போட்டு என் பெயர் இருக்குமாம். நான் தொட்ட இரும்பு ஒன்று முழுசாகி, நாலு பேர் முன்னால் நிற்க, பக்கத்தில் என் பெயர். நீங்கள் சிரிக்கலாம்.

சனிக்கிழமை அவளுக்குப் போன் பண்ணினேன். அவள் இங்கே வந்துவிட்டால் மச்சான் வேனோடு வர அவசியம் இருக்காது.

"பெயின்ட் வேலைய விட்டாச்சு. இனிமே வெளியதான் குடுக்கப் போறேன். நீ வா."

"நெஜமாவா?"

"நெஜமா."

"மாமியார வெளிய அனுப்பியாச்சா?"

"அனுப்பிடலாம். நீ வா மொதல்ல."

அவள் சிரித்தாள். சிரிப்பின் கடைசியில் கொஞ்சம் இருமல் வந்தது. "தம்பி திட்டுவான். பரவால்ல. எனக்கும் இங்க அடுத்தவங்க வீட்டுத் தலகாணில தூக்கம் வரல" என்றாள்.

அது முழுப் பொய் இல்லை. கப்பல்காரரின் டேங்க்குக்கும் இரண்டு சைடு பேனலுக்கும் கடைசிக் கோட் ஒன்றுதான் மிச்சம். அவள் வருவதற்குள் அடித்துவிடலாம் என்று இருந்தேன். மச்சானுக்கு வேறு சவாரி இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். முறைத்துவிட்டுத்தான் போனான். அவள் உள்ளே வந்தாள். மேசையில் வரிசையாக வைத்திருந்த டேங்க்கையும் பேனல்களையும் பார்த்து நின்றாள். நான் திரும்பி ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தேன். "கொழந்த கன்னம் மாதிரி இருக்குங்க" என்றாள். அவள் கை வைத்ததை நான் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அவள் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போனாள். அந்த நேரத்தில் கடைசிக் கோட்டை அடித்தேன். அவள் வருவதற்குள் ஃபேன் ஓடி எல்லாப் புகையும் போய்விட்டது. எனக்கு அவள் மேல் அக்கறை இருந்தது என்பதற்கு இதைச் சொல்கிறேன். அன்றைக்குக் கொஞ்சமாகத்தான் இழுத்தது, இன்ஹேலரில் அடங்கிவிட்டது. ஏதோ வாடை வருகிறதே என்றாள். பழைய வாடை, சுவரில் ஏறினது போக நாளாகும் என்றேன்.

மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தபோது டேங்க்கின் இடது பக்கத்திலும் இடது பேனலிலும் சின்னச் சின்னக் குழிகள். அம்மைத் தழும்பு மாதிரி. எண்ணெய்ப் பசை இருக்கிற இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி ஓடும், அந்தக் குழிதான் அது. குழிகளைச் சேர்த்துப் பார்த்தால் நான்கு விரல். அவள் நெஞ்சில் தேய்த்துக்கொண்ட தைலம் கையில் இருந்திருக்கிறது.

நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்தால் வருத்தப்படுவாள். ஆனால் மறுபடியும் அடிக்க வேண்டிய வேலையை உண்டாக்கியது யார் என்று நீங்கள் கேட்டால், அந்தக் குழிகளைத்தான் காட்டுவேன்.

ஒரு பேனலை மட்டும் திரும்ப அடிக்க முடியாது. நிறம் ஒரு மாத்திரை வித்தியாசப்படும், கப்பல்காரர் கண்ணுக்குத் தப்பாது. மூன்றையும் தேய்த்து வைத்தேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் இந்த பெயின்ட் கொப்புளிக்கும். கண்காட்சிக்கு முந்தின நாள்தான் வெயில் வந்தது. நல்ல காய்ந்த, காற்றில்லாத மத்தியானம். அவள் மாத்திரை போட்டுக்கொண்டு நடு அறையில் தூங்கினாள்.

கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். எழுப்பி, தையல்காரர் வீட்டில் கொஞ்ச நேரம் உட்காரு என்று சொல்லியிருக்கலாம். இதைத்தான் நீங்கள் மூன்று விதமாகக் கேட்டுவிட்டீர்கள். எழுப்பினால் ஏன் என்று கேட்பாள். பெயின்ட் என்றால், விட்டாச்சு என்றீர்களே என்பாள். மச்சானுக்குப் போன் போகும், வேன் வரும். எழுப்பாமல் இருந்தால், அவள் எழுந்திருக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். தூங்குகிறவள் மெதுவாகத்தானே மூச்சு விடுவாள் என்றும் நினைத்தேன்.

பட்டறைக்கு வந்து தாழ்ப்பாள் போட்டேன். தூசி எழும்பாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தேன். மாஸ்க்கை இறுக்கினேன். சந்தில் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. ஃபேன் போட்டேன்.

டேங்க்கில் பாதி போயிருப்பேன், இருமல் கேட்டது. பிறகு கட்டில் சத்தம். பிறகு கதவு தட்டுகிற சத்தம்.

"என்னங்க."

உங்களுக்கு பெயின்ட் வேலை தெரியாது, அதனால் சொல்கிறேன். கோட் என்பது ஒரே ஓட்டம். முந்தின வீச்சின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த வீச்சு அதன் மேல் ஏற வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும். அது சாகும்வரை தெரியும். என் கை நிற்கவில்லை. பொறு என்று சொல்லலாம், ஆனால் மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வெளியே வராது.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. அவள்தான் என்று தெரியும். கையுறையெல்லாம் பெயின்ட். அது நின்றது. திரும்பவும் தட்டினாள், இந்த முறை கதவின் கீழ்ப் பக்கத்தில். உட்கார்ந்துவிட்டாள் என்று புரிந்தது. தட்ட முடிகிறதென்றால் மூச்சு இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று நினைத்தேன். சமையலறைக் கதவின் கால்வாசித் திறப்பில் முகத்தை வைத்துக்கொண்டால் கொஞ்சம் வெளிக்காற்று கிடைக்கும், அவளுக்கு அது தோன்றவில்லையே என்றும் நினைத்தேன். டேங்க் முடிந்தது. வலது பேனல் முடிந்தது.

தட்டுவது நின்றது.

அது நின்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இடது பேனலை அதற்குப் பிறகுதான் அடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சீரான கோட் நான் அடித்ததில்லை.

அடித்ததும் கதவைத் திறக்கவில்லை. மேல் தோல் இறுகும்வரை திறக்கக் கூடாது. ஓரத்தில் விரல் வைத்து எடுத்தால் நூல் இழுக்கக் கூடாது, அதுதான் கணக்கு. வைத்துப் பார்த்தேன், இழுத்தது. ஸ்ப்ரே கன்னைக் கழற்றித் தின்னரில் கழுவினேன். திரும்ப வைத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இழுத்தது. மாஸ்க்கைக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மனசில் ஒன்றும் ஓடவில்லை. என்ன நினைத்தாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இடுப்பு வலித்தது. வேறு ஒன்றும் இல்லை.

பிறகு தாழ்ப்பாளை எடுத்தேன். கதவு என் பக்கம் திறக்கிற கதவு. அவள் அதில்தான் சாய்ந்திருந்தாள், திறந்ததும் என் காலடியில் சரிந்தாள். இன்ஹேலர் கையில் இருந்தது. உதடு நீலமாக இருந்தது. தெருவுக்கு இழுத்துப் போனேன், என்னால் தூக்க முடியாது. தையல்காரர்தான் ஓடிவந்து வண்டி பிடித்தார். ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டர் அவள் தலைமுடியை முகர்ந்து பார்த்தார். உயிர் இல்லை என்றார்.

மச்சான் சாயங்காலம் வந்தான். அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், வலது உள்ளங்கையின் ஓரம் கன்றிச் சிவந்திருப்பதைப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"மாமா, அக்கா எனக்குப் போன் பண்ணியிருக்கா. நான் வண்டி ஓட்டிட்டிருந்தேன். எடுக்கல மாமா. எடுக்காம விட்டுட்டேன்." சின்னப் பையன் மாதிரி அழுதான். கொஞ்சம் அடங்கியதும் கேட்டான், "அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பட்டறைலதான்."

"அவ தட்டலையா?"

"தட்டினா."

"உங்களுக்குக் கேக்கலையா?"

கம்ப்ரஸர் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு இங்கே இருக்க மாட்டேன். அவன் நம்பியிருப்பான். ஆனால் எடுக்காத ஒரு போனுக்காக அவன் ஆயுசு முழுக்க அழுதுகொண்டிருப்பான். அந்தப் பாரம் அவன் தலையில் ஏறக் கூடாது என்று தோன்றியது. நான் அவ்வளவு ஈரமில்லாதவன் இல்லை.

"கேட்டுது" என்றேன்.

அவன் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். பின்பக்கமாகவே நடந்து போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். பிறகு உங்களிடம் வந்திருக்கிறான்.

வேறு பெண் உண்டா, காப்பீடு உண்டா, குடித்தாயா என்று கேட்டீர்கள். எதுவும் இல்லை. என்னிடம் கோபத்தைத் தேடுகிறீர்கள், கிடைக்காது. டாக்டர் சொன்னது தெரியும். தாழ்ப்பாள் போட்டது நான். காற்றை அந்தப் பக்கம் திருப்பியதும் நான். தட்டுவது கேட்டது. திறந்தால் பிழைப்பாள், திறந்தால் கோட் கெடும், இரண்டும் தெரிந்தேதான் திறக்கவில்லை. நான்தான் கொன்றேன் என்று ஒரே வரியில் வேண்டுமென்றால் அப்படியே போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனாலும் ஐயா, நான் அவளை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. அதையும் பக்கத்தில் எழுதினால் நன்றாக இருக்கும்.

யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். கப்பல்காரருக்குத்தான். டேங்க்கும் வலது பேனலும் சுத்தமாக வந்திருக்கின்றன, துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளலாம். கடைசியாக அடித்த இடது பேனல் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது, அதன் தோல் மட்டும் இறுகியிருக்கவில்லை. கதவைத் திறந்தபோது அவளோடு வந்த தூசி அதில் விழுந்து ஒட்டிக்கொண்டது. அதைத் தேய்த்து இன்னொரு கோட் அடிக்க வேண்டும். என்னை ஒரு மத்தியானம் விட்டீர்கள் என்றால் போதும். அவருக்கு நான் இடது சைடு பேனல் ஒன்று பாக்கி.